அயர்ன் மெய்டன் அடுத்த டூரில் என்ன வாசிக்கும்? செட்லிஸ்ட் கணிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டூர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து முதல் கச்சேரி தொடங்கும்வரை, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ரசிகர்களுக்கு இருப்புக் கொள்ளாது. எந்தெந்தப் பாட்டு வரும், எது முதலில், எது கடைசியில் என்று ஆளுக்கொரு செட்லிஸ்ட், அதாவது கச்சேரியில் வாசிக்கும் பாட்டுகளின் பட்டியல், போட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக உள்ளே வருகிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஒருவர் பதினான்கு பாட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இருபத்தைந்து எழுதியிருப்பார். எதை வைத்து எழுதினீர்கள் என்று கேட்டால் "எனக்கு அப்படித் தோணுது" என்று பதில் வரும். பழைய டூர்களின் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, தட்டுத்தடுமாறித்தான் இதற்கு ஒரு முறை உண்டு என்று நான் கண்டுகொண்டேன். நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம்.

தொடங்கும் முன்பே இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள் கேட்க ஆசைப்படும் பாட்டுகளை எழுதி மடித்து வைத்துவிடுங்கள். கணிப்பை மற்றதில் எழுதுங்கள். இந்த இரண்டும் கலந்துவிட்டால் அப்புறம் எந்த முறையும் உதவாது.

1. இந்தக் குழு பட்டியலை மாற்றுமா, மாற்றாதா?

எல்லா ராக் குழுவையும் ஒரே மாதிரி கணிக்க முடியாது. பேர்ல் ஜாம் இரவுக்கு இரவு பட்டியலை மாற்றும். மெட்டாலிகா 2023இல் தொடங்கிய எம்72 டூரில், ஒரே ஊரில் இரண்டு இரவு வாசித்தால் ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது என்று விதி வைத்துக்கொண்டது. அந்த மாதிரிக் குழுக்களுக்கு ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாகக் கணிக்கலாம்.

மெய்டன் அப்படி இல்லை. டூரின் முதல் இரவில் என்ன வாசிக்கிறார்களோ, அந்தச் சுற்று முடியும்வரை கிட்டத்தட்ட அதேதான். பின்திரை மாறுவது, குழுவின் சின்னமான எடி என்ற உருவம் மேடைக்கு வருவது, நெருப்பு எழுவது, 2025 டூரில் வந்த பெரிய எல்இடி திரையில் ஓடும் காட்சிகள் என்று எல்லாமே குறிப்பிட்ட பாட்டோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு பாட்டை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் வேலை முழுவதையும் மாற்ற வேண்டும்.

இதனால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் தெளிவானது: அறிவிப்பு நாள் முதல் தொடக்க இரவு வரை. 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்' டூரை 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள், முதல் கச்சேரி 2025 மே 27 அன்று புடாபெஸ்டில் நடந்தது. எட்டு மாதம் இருந்தது. அவசரப்படத் தேவையே இல்லை.

2. என்னென்ன கையில் இருக்க வேண்டும், எதற்குக் காசு செலவாகும்?

நான்கு விஷயம் போதும்.

முதலாவது, அதிகாரப்பூர்வ அறிவிப்பின் முழு வாசகமும் போஸ்டரும். யாரோ சுருக்கிப் போட்ட செய்தியை நம்பாதீர்கள், குழுவின் சொந்தத் தளத்தில் உள்ளதை எடுங்கள். இரண்டாவது, கடந்த நான்கைந்து டூர்களின் முழுப் பட்டியல். செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் இது இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவது, ஒவ்வொரு பாட்டும் ஆல்பத்தில் எத்தனை நிமிடம் என்ற கணக்கு. நான்காவது, எந்தப் பாட்டைக் கடைசியாக எந்த ஆண்டு மேடையில் வாசித்தார்கள் என்ற குறிப்பு. இதுவும் அதே தளத்தில் பாட்டுவாரியாகப் பார்க்கலாம்.

இதில் எதற்கும் ஒரு பைசா செலவு இல்லை. ரசிகர் மன்ற உறுப்பினர் சந்தா கட்டினால் உள்தகவல் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். சந்தா கட்டினால் டிக்கெட் முன்விற்பனையில் இடம் கிடைக்கும், மேடைக் கம்பியருகே முதலில் நுழைவதற்கான குலுக்கலில் பெயர் சேரும். இரண்டும் நல்ல பயன்தான், கச்சேரிக்குப் போகிறவர்கள் கட்டலாம். செட்லிஸ்ட் பற்றி அங்கே யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

செட்லிஸ்ட்.எஃப்எம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே 'சராசரி செட்லிஸ்ட்' என்று ஒன்று காட்டும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விழாக்களில் சில சமயம் நேரம் குறைவு, அந்தக் குறுகிய பட்டியல்களும் அதில் கலந்திருக்கலாம். குழு தானே தலைமை வகித்து முழு நேரம் வாசித்த ஒரு கச்சேரியைத் தேர்ந்தெடுத்து, அதன் வரிசையைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதும்போதுதான் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது மனதில் நிற்கும்.

3. அறிவிப்பைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

மெய்டன் டூர்களில் பாதி விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். 2023இன் 'தி ஃப்யூச்சர் பாஸ்ட்' டூருக்கு, 1986இன் 'சம்வேர் இன் டைம்' ஆல்பமும் 2021இன் 'செஞ்சுட்சு' ஆல்பமும்தான் மையம் என்று முன்பே அறிவித்தார்கள். அப்படியே நடந்தது. 1986இல் வெளியாகி ஒருமுறைகூட மேடையேறாத 'அலெக்ஸாண்டர் தி கிரேட்' பாட்டை 2023 மே 28 அன்று லூப்லியானாவில் முதல் முறையாக வாசித்தார்கள். 37 ஆண்டு காத்திருந்த ரசிகர்கள் அன்று அழுதிருந்தால் ஆச்சரியமில்லை. அறிவிப்பை ஒழுங்காகப் படித்தவர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள்.

அறிவிப்பில் இல்லாததை அதற்குள் ஏற்றிப் படிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்' டூருக்கு, 1980இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 1992இன் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வரையிலான ஒன்பது ஆல்பங்களிலிருந்து பாட்டுகள் என்று சொன்னார்கள். உடனே பலரும் ஆல்பத்துக்குக் குறைந்தது ஒன்று என்று பங்கு பிரித்து எழுதினார்கள். அறிவிப்பில் அப்படி ஒரு உறுதி இல்லை. வந்த பட்டியலைப் பாருங்கள்: 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்திலிருந்து நான்கு, 'கில்லர்ஸ்', 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' இரண்டிலிருந்தும் மூன்று மூன்று, முதல் ஆல்பத்திலிருந்தும் 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்' ஆல்பத்திலிருந்தும் இரண்டிரண்டு, 'பீஸ் ஆஃப் மைண்ட்', 'சம்வேர் இன் டைம்', 'ஃபியர் ஆஃப் தி டார்க்' மூன்றிலிருந்தும் ஒவ்வொன்று. 1990இன் 'நோ பிரேயர் ஃபார் தி டையிங்' ஆல்பத்திலிருந்து ஒன்றுமே இல்லை.

"இந்தக் காலகட்டத்திலிருந்து" என்று சொன்னால் அது வெளி எல்லை மட்டும்தான். உள்ளே சமபங்கு கிடையாது.

4. நேரக் கணக்குப் போடுங்கள்

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணிப்பவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதுதான்.

மெய்டன் கச்சேரி ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதில் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் பேசுவது, பாட்டுக்கு முன் ஓடும் ஒலிப்பதிவு, என்கோருக்கு (முக்கியப் பகுதி முடிந்து மேடைக்குத் திரும்பி வந்து வாசிக்கும் பாட்டுகள்) முந்தைய இடைவெளி எல்லாம் போக எஞ்சுவதுதான் பாட்டுக்கான நேரம். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, நான்கு டூர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஆல்பத்தில் உள்ள நேரத்தைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

2008 'சம்வேர் பேக் இன் டைம்': 16 பாட்டு, சுமார் 95 நிமிடம்.
2018 'லெகசி ஆஃப் தி பீஸ்ட்': 16 பாட்டு, சுமார் 97 நிமிடம்.
2023 'தி ஃப்யூச்சர் பாஸ்ட்': 15 பாட்டு, சுமார் 98 நிமிடம்.
2025 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்': 17 பாட்டு, சுமார் 100 நிமிடம்.

பாட்டுகளின் எண்ணிக்கை மாறுகிறது, மொத்த நேரம் அசையவே இல்லை. 2023இல் 'டெத் ஆஃப் தி செல்ட்ஸ்' பத்து நிமிடத்துக்கு மேல், 'ஹெல் ஆன் எர்த்' பதினொரு நிமிடத்துக்கு மேல், 'அலெக்ஸாண்டர் தி கிரேட்' எட்டரை நிமிடம். அதனால் எண்ணிக்கை 15க்கு இறங்கியது. 2025இல் 'ராத்சைல்ட்' மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 'ரன் டு தி ஹில்ஸ்', 'அயர்ன் மெய்டன்' இரண்டும் நான்கு நிமிடத்துக்குள். பழைய பாட்டுகள் குட்டையானவை, அதனால் 17 பாட்டுக்கு இடம் கிடைத்தது. அதிலும்கூட 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' ஒன்றே பதிமூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

உங்கள் பட்டியலையும் இப்படிக் கூட்டுங்கள். 95க்கும் 102க்கும் இடையில் வந்தால் சரி. 120 வந்தால் அது ஆசைப்பட்டியல், மடித்து வைத்த தாளுக்குப் போக வேண்டியது. 85 வந்தால் ஒரு நீளமான பாட்டை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

நீளப் பாட்டு ஒன்றைச் சேர்க்கும்போது எந்த இரண்டு அல்லது மூன்று பாட்டுகளை அது வெளியே தள்ளுகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். 'எம்பயர் ஆஃப் தி க்ளவுட்ஸ்' பதினெட்டு நிமிடம். ஒவ்வொரு டூருக்கும் யாராவது அதைப் பட்டியலில் போடுவார்கள். அது உள்ளே வந்தால் நான்கு பாட்டு வெளியே போக வேண்டும். எந்த நான்கு என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் இருக்காது.

5. தூண்களைக் கண்டுபிடியுங்கள்

"இது இல்லாமல் கச்சேரியே இல்லை" என்று எல்லோரும் சொல்லும் பாட்டுகள் ஒரு டஜன் இருக்கும். மேலே சொன்ன நான்கு டூர்களிலும் அவற்றைத் தேடிப் பாருங்கள். நான்கிலும் தவறாமல் வந்தவை மூன்றே மூன்று: குழுவின் பெயரையே கொண்ட 'அயர்ன் மெய்டன்', 'தி ட்ரூப்பர்', 'ஃபியர் ஆஃப் தி டார்க்'.

'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', 'ரன் டு தி ஹில்ஸ்', 'ஹாலோட் பி தை நேம்', 'டூ மினிட்ஸ் டு மிட்நைட்', 'ஏசஸ் ஹை' ஐந்தும் 2008, 2018, 2025இல் உண்டு, 2023இல் ஒன்றுகூட இல்லை. 'வேஸ்டட் இயர்ஸ்' 2018இல் இல்லை. இந்த ஆறும் அடுத்த டூரில் வர வாய்ப்பு அதிகம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடியவை இல்லை.

தூணும் அறிவிப்பும் மோதினால் அறிவிப்புதான் ஜெயிக்கும். 2005இல் முதல் நான்கு ஆல்பங்களின் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் டூர் ஒன்று நடத்தினார்கள். 1992இல் வந்த 'ஃபியர் ஆஃப் தி டார்க்' அதில் இடம்பெற வழியே இல்லை.

அபூர்வப் பாட்டுக்கு வருவோம். நீண்ட நாள் வாசிக்காத பாட்டு ஒவ்வொரு டூரிலும் ஒன்றிரண்டு திரும்பி வரும். 'ஃப்ளைட் ஆஃப் இக்காரஸ்' 1986க்குப் பிறகு 2018இல்தான் வந்தது. 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' 2009க்குப் பிறகு 2025இல் வந்தது. உங்கள் பட்டியலில் இப்படிப்பட்டவை மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பிரபலமான பாட்டுகளைக் கேட்கத்தான் காசு கொடுக்கிறார்கள், குழுவுக்கு அது நன்றாகவே தெரியும்.

6. வரிசை: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

என்ன பாட்டு என்று முடிவானதும் வரிசை போட வேண்டும். முதல் பாட்டிலிருந்து தொடங்கினால் திணறுவீர்கள். கடைசிப் பக்கம்தான் உறுதியானது.

நான்கு டூர்களிலும் முக்கியப் பகுதியை முடிப்பது 'அயர்ன் மெய்டன்' பாட்டு. அதன்பின் மூன்று பாட்டு என்கோர். 2008இல் 'மூன்சைல்ட்', 'தி க்ளேர்வாயன்ட்', 'ஹாலோட் பி தை நேம்'. 2018இல் 'தி ஈவில் தட் மென் டூ', 'ஹாலோட் பி தை நேம்', 'ரன் டு தி ஹில்ஸ்'. 2023இல் 'ஹெல் ஆன் எர்த்', 'தி ட்ரூப்பர்', 'வேஸ்டட் இயர்ஸ்'. 2025இல் 'ஏசஸ் ஹை', 'ஃபியர் ஆஃப் தி டார்க்', 'வேஸ்டட் இயர்ஸ்'. ஆகவே 'அயர்ன் மெய்டன்' பாட்டைக் கடைசியிலிருந்து நான்காவது இடத்தில் வையுங்கள். உங்கள் பட்டியலில் நீங்கள் முழு நம்பிக்கையோடு எழுதக்கூடிய ஒரே இடம் அதுதான்.

தொடக்கப் பாட்டுக்கு, டூரின் கருப்பொருள் எந்த ஆல்பமோ அதன் முதல் பாட்டுகளைப் பாருங்கள். 2023இல் 'காட் சம்வேர் இன் டைம்'தான் தொடக்கம், அது அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. 2008இல் 'ஏசஸ் ஹை', அது 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தின் முதல் பாட்டு. 2025இல் 'கில்லர்ஸ்' ஆல்பத்தைத் தொடங்கும் 'தி ஐட்ஸ் ஆஃப் மார்ச்' இசையை ஒலிபரப்பிவிட்டு, அதே ஆல்பத்தின் 'மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்'கில் புகுந்தார்கள்.

அரங்கில் இருந்தால் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். விளக்கு அணையும் முன் யுஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஒலிக்கும், அது வழக்கம். அடுத்து வரும் ஒலிப்பதிவுதான் சேதி. சர்ச்சிலின் பேச்சு ஒலித்தால் 'ஏசஸ் ஹை' வருகிறது என்று கூட்டத்துக்கே தெரியும்.

7. ஆட்களையும் பாருங்கள்

டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதத்துக்கு ஆளானார். அதன்பிறகும் முழு டூர் வாசித்துவிட்டு, 2024 டிசம்பரில் சாவோ பாவ்லோ கச்சேரியோடு மேடையிலிருந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் சைமன் டாசன், மெய்டனில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் டிரம்ஸ் வாசிப்பவர். இந்தச் செய்தி வந்தபோதே அதுவரை எழுதிய பட்டியலைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். புதிய டிரம்மர் வந்தால் வேகமான பழைய பாட்டுகளுக்கு வாய்ப்புக் கூடும். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இதையெல்லாம் யோசிக்காமல் கணிக்க முடியாது. ஹாரிஸ் 1956இல் பிறந்தவர், டிக்கின்சன் 1958இல். எல்லாப் பாட்டையும் எல்லா வயதிலும் அதே உயரத்தில் பாடச் சொல்வது நியாயமில்லை.

இசைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தாலும் ஒரு பாட்டு காணாமல் போகும். 'ஹாலோட் பி தை நேம்' பாட்டின் வரிகள் தொடர்பான பதிப்புரிமை வழக்கு நடந்தபோது 2017இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தகராறு தீர்ந்து 2018இல் திரும்ப வந்தது. அதனால் டூருக்கு முந்தைய ஆறு மாதச் செய்திகளை ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

8. "கசிந்த பட்டியல்" வந்தால்

தொடக்க இரவுக்கு முந்தைய வாரம் இது கட்டாயம் வரும். தரையில் ஒட்டிய காகிதத்தின் படம், அதில் பாட்டுப் பெயர்கள். "என் சித்தப்பா மகன் லைட்டிங் வேலையில் இருக்கிறான்" என்று கூடவே ஒரு கதை. இதைப் பார்த்ததும் உங்கள் பட்டியலை அழித்து எழுதாதீர்கள்.

நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், 95–102க்குள் நிற்கிறதா? அறிவிப்பின் எல்லைக்குள் இருக்கிறதா? 'அயர்ன் மெய்டன்' பாட்டு எங்கே இருக்கிறது? போலிப் பட்டியல் தயாரிப்பவர்கள் ரசிகர்களை உசுப்பேற்றத்தான் செய்வார்கள், அதனால் அபூர்வப் பாட்டுகளை அள்ளிப் போட்டிருப்பார்கள். அப்போதே சாயம் வெளுத்துவிடும். செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்திலும் உறுப்பினர்கள்தான் தகவலை ஏற்றுகிறார்கள், ஆகையால் கச்சேரி நடக்கும் முன் அங்கே ஏதாவது தென்பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

ஒத்திகை நடக்கும் அரங்குக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்பவர்களை மட்டும் கொஞ்சம் கவனிக்கலாம். அதிலும் ஒரே ஆள் பதினேழு பாட்டையும் சொன்னால் சந்தேகப்படுங்கள். "இந்தப் பாட்டின் கிட்டார் பகுதி கேட்டது" என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியே ஒரே பாட்டைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

9. பூட்டுங்கள், மதிப்பெண் போடுங்கள்

தொடக்க இரவுக்கு 48 மணி நேரம் முன்பு பட்டியலைப் பூட்டிவிடுங்கள். தேதி போட்டு நண்பர்கள் குழுவில் அனுப்பிவிட்டால் அப்புறம் யாரும் மாற்ற முடியாது. எங்கள் விதிகள் இவை: பாட்டு சரியாக இருந்தால் ஒரு மதிப்பெண், இடமும் சரியாக இருந்தால் கூடுதலாக ஒன்று, தொடக்கப் பாட்டுக்கு மூன்று, என்கோர் மூன்றும் சரியென்றால் ஐந்து. பட்டியல் 17 பாட்டைத் தாண்டக் கூடாது. இந்த உச்சவரம்பு இல்லையென்றால் ஒருவர் நாற்பது பாட்டு எழுதி எல்லாவற்றையும் பிடித்துவிடுவார். காசு வைத்து விளையாட வேண்டாம், நட்பு கெடும்.

10. தொடக்க இரவு

மத்திய ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் இரவு 9 மணிக்கு அவர்கள் மேடையேறினால் இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு 12:30. இங்கிலாந்தில் 9 மணி என்றால் நமக்கு அதிகாலை 1:30. பாட்டு பாட்டாகத் தகவல் எழுத்தில்தான் முதலில் வரும். 2025 டூரில் கைப்பேசியில் படம் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும்படி குழுவே கேட்டுக்கொண்டது, ஆகவே வீடியோ வரவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் நண்பர்களில் சிலர் பட்டியல் தெரியாமலே போக விரும்புவார்கள். அவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். முடிவுகளுக்குத் தனி வாட்ஸ்அப் குழு வையுங்கள், பொதுக் குழுவில் ஒரு பாட்டின் பெயர்கூட வரக் கூடாது.

தொடக்க இரவுக்கே நேரில் போகிறவர்களுக்கு: அது ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) என்றால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கடைசி எல்லையை நம்பி இருக்காதீர்கள், கோடையில் நேரம் ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இங்கிலாந்துக்கு இந்த விசா செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பாட்டு வரும் என்ற கணிப்பை மட்டும் நம்பி இவ்வளவு பணத்தையும் போடாதீர்கள். எந்தப் பாட்டு வந்தாலும் மகிழ்ச்சி என்றால் தாராளமாகப் போங்கள்.

ஒரு காலத்தில் தொடக்க இரவே நம் பக்கம் வந்தது. 'சம்வேர் பேக் இன் டைம்' டூரின் முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் நடந்தது. அன்று உலக ரசிகர்கள் எல்லோரும் காத்துக் கிடந்த பட்டியலை முதலில் கேட்டவர்கள் மும்பையில் நின்றவர்கள்.

11. இரண்டாம் சுற்று வந்தால்

ஒரே டூர் அடுத்த ஆண்டும் தொடர்ந்தால், பட்டியல் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006இல் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள். 2007 சுற்றில் அதில் பாதியை எடுத்துவிட்டுப் பழைய பாட்டுகளை நிரப்பினார்கள். அவர்கள் இந்தியாவுக்கு முதல் முறை வந்தது அந்தச் சுற்றில்தான், 2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம். 2009இல் மீண்டும் பெங்களூருக்கு வந்தபோது, மும்பையில் கேட்ட 2008 பட்டியலில் மாற்றம் செய்து 'ராத்சைல்ட்', 'சில்ட்ரன் ஆஃப் தி டேம்ட்', 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' போன்றவற்றை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். 2022இல் 'லெகசி ஆஃப் தி பீஸ்ட்' தொடர்ந்தபோது, இடையில் வந்த 'செஞ்சுட்சு' ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகளைத் தொடக்கத்திலேயே வைத்தார்கள். 2018இல் தொடக்கப் பாட்டாக இருந்த 'ஏசஸ் ஹை' என்கோருக்குப் போய்விட்டது.

ஆகவே முந்தைய சுற்றின் பட்டியலை அடியில் வைத்து, மூன்று முதல் ஐந்து பாட்டு வரை மாறும் என்று கணக்கிடுங்கள். இடையில் புதிய ஆல்பம் வந்திருந்தால் தொடக்கத்தையே மாற்றி எழுதுங்கள். வரவில்லையென்றால் தொடக்கத்தைத் தொடாமல் நடுப்பகுதியில் மாற்றுங்கள். நேரத்தை மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, புதிய தேதி போட்டு அனுப்புங்கள்.